அரைப் புள்ளி

மௌனம் சம்மதம்னு எந்த மகராசன் சொன்னானோ, அவன் செஸ் ஆடியிருக்க மாட்டான். இந்தா, சிவசைலம் அண்ணாச்சி நாற்காலியப் பின்னால தள்ளிட்டு எந்திக்காரு. இப்பதான் தன் ராஜாவ ஒரு கட்டம் நகத்தி வச்சாரு, "டிரா, தங்கச்சி"ன்னாரு, கடிகாரத்த அமுக்கினாரு, பலகைக்கு மேல கைய நீட்டினாரு. நான் நிமிரல. பச்சக் கல்லு மோதிரம் போட்ட அந்தக் கை என் சிப்பாய்களுக்கு மேல கூரை போட்ட மாதிரி நின்னுது, எனக்குப் பலகையே தெரியல, கைதான் தெரிஞ்சுது. செத்த நேரம் நின்னுட்டு அதுவாவே திரும்பிப் போச்சு. தங்கச்சி வெக்கப்படுதான்னு நெனச்சிருப்பாரு. பேனாவ எடுத்தாரு, ஆட்டம் எழுதுற தாள்ல அடியில ரெண்டு பேரு பேருக்கும் நேரா அரை, அரைன்னு போட்டாரு, கையெழுத்தும் போட்டாரு, பேனாவ மூடி சட்டைப்பையில குத்திக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அந்தாளு முதுகப் பாத்தாலே தெரியுது, அவருக்கு ஆட்டம் முடிஞ்சு போச்சு. எனக்கு முடியலயே. நான் ஒரு வார்த்த சொன்னேனா, தலைய ஆட்டினேனா, கையப் பிடிச்சேனா? ஒண்ணும் இல்ல. யோசிச்சேன். யோசிக்கிறதுக்குத்தானய்யா இங்க வந்து உக்காந்திருக்கோம். இந்த ஆட்டத்துல வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லணும்னு சட்டமே கெடையாது, ஒரு காய எடுத்து வச்சாப் போதும், கேட்ட டிரா செத்துப் போச்சு. என் கடிகாரம் ஓடுது. ஓடட்டும். பிலோமினா, பதறாத. பதறினா கை ஒளறும்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையிலயே பேச்ச ஆரம்பிச்சுட்டாரு. கை கழுவுற எடத்துல நிக்கேன், பின்னால வந்து நின்னு, கடைசி ரவுண்டு உனக்கும் எனக்கும்தானாம்மா, எதுக்கு ரெண்டு பேரும் ஒடம்ப வருத்திக்கிடணும், கொஞ்ச நேரம் ஆடிட்டு அரை அரை எடுத்துக்கிடுவோம், எனக்கு முதல் எடம் ஆச்சு, உனக்கு லேடீஸ் கப்பு ஆச்சுன்னு கணக்கு முடிச்சாரு. ஆடுவோம் அண்ணாச்சின்னேன். வேற என்ன சொல்ல, பத்து பேரு வாய் கொப்பளிக்கிற எடத்துல? அவரு சிரிச்சுக்கிட்டே என் தலைக்கு மேல கைய நீட்டி சோப்ப எடுத்துக்கிட்டாரு. இது ஊருல உள்ள வழக்கந்தான், கடைசி ரவுண்டுல பெரிய ஆளு கேட்டா சின்ன ஆளு குடுத்துரும், குடுத்ததுக்கு நன்றி வேற சொல்லிட்டுப் போகும். அவரு ரேட்டிங் ரெண்டாயிரத்துக்கு மேல. என்னது ஆயிரத்து நானூத்திச் சொச்சம், அதுவும் போன வருசம் கூடினது. அவரு அரை வாங்கினா முதல் எடம். நான் அரை வாங்கினா அஞ்சாவதோ ஆறாவதோ, லேடீஸ் கப்பு. முழுசும் வாங்கினா நாலாவது. இந்த மாவட்டத்துல இருந்து ஸ்டேட்டுக்குப் போற டீம்ல நாலு பேரு. நாலே பேரு. அதுல ஒரு பொம்பள பேரு இதுவரைக்கும் வந்ததில்ல. தோத்துட்டா கப்பும் கெடையாது, மூணாவது மேசையில உக்காந்திருக்க அந்தக் காலேஜ் பிள்ளைக்குப் போயிரும். நல்ல பிள்ள, வாங்கட்டும். எனக்குக் கப்பு வேண்டாம். வீட்ல ஏழு கப்பு கெடக்கு, ஏழுலயும் பெண்கள், பெண்கள்னு ஒட்டியிருக்கு. ஒண்ணுல என் பியூட்டி பார்லர் சீப்பு, ஒண்ணுல புருவம் எடுக்க நூல்கண்டு, ஒண்ணுல எங்க வீட்டுக்காரரு பழைய ஸ்க்ரூவாப் போட்டு வச்சிருக்காரு. மூணு பொம்பளைங்க ஆடுற போட்டியில அதுல நல்ல பொம்பள யாருன்னு பாத்து ஒரு கப்பு. சவம், அதுக்கு அழகிப் போட்டிக்கே போயிருக்கலாம். நான் செய்யுற தொழிலுக்குப் பொருத்தமா இருந்திருக்கும்.

காலையில எங்க வீட்டுக்காரரு ததேயுஸ் இந்தக் கலியாண மண்டபத்து வாசல்ல எறக்கிவிடும்போது, சரி பிலோ, சாயங்காலம் கப்போட வா, டி.வி. பக்கத்துல எடம் பண்ணி வைக்கேன்னாரு. நல்ல மனுசந்தான், ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு, என்னைய அடிச்சதில்ல, வஞ்சதில்ல, பார்லர் வைக்க அவருதான் அலைஞ்சாரு. ஆனா கப்புன்னுதான் சொல்லுதாரு, ஜெயிச்சுட்டு வான்னு சொல்லல. ஜெயிக்கிறதுங்கிறது அவரு நெனப்புலயே இல்ல. பொண்டாட்டி ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற மாதிரி செஸ்ஸுக்குப் போயிட்டு வாராள்னு நெனக்காரு. ஸ்கூட்டர்ல இருந்து எறங்கி நிக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஏ பிலோமினா, நாப்பத்தி நாலு வயசாகுது, இந்தத் தடவ நாலு பேருல வரலன்னா பலகையத் தூக்கிப் பரண்ல போட்டுரு, இனிமே கப்புக்காக வந்து உக்காராத. யாருகிட்டயும் சொல்லல. சொல்லாட்டா என்ன, சொன்னது சொன்னதுதான். இப்ப இந்த மனுசன் அரையக் குடுத்து என்னைய அனுப்பி வைக்கப் பாக்காரு. ஏன் அண்ணாச்சி, நல்லா இருந்தா நீங்க கேப்பீயளா? ரெண்டாயிரத்துக்கு மேல வச்சுக்கிட்டு ஆயிரத்து நானூறுகிட்ட டிரா கேக்கீயன்னா, உங்க வீட்ல ஒழுகுதுன்னுதான அர்த்தம்? கேக்கும்போது இடது புருவம் துடிச்சுது, நான் பாத்தேன். பத்து வருசமா புருவத்தத்தான பாக்கேன். நூல வச்ச ஒடனே எந்த மொகம் சுளிக்கப்போகுது, எது பல்லக் கடிக்கும்னு எனக்குத் தெரியும். பயந்துதான் கேட்டாரு. பயத்த அண்ணன் தங்கச்சி பாசத்துல பொதிஞ்சு கேட்டாரு.

சரி, பலகையப் பாரு. பாசத்தப் பேசிக்கிட்டு இருந்தா நேரம் போயிரும். எனக்கு ஒரு யானை, அவருக்கு ஒரு யானை. எடது ஓரத்துல என் சிப்பாய் ஒண்ணு தனியா ஏறிப் போயி நிக்கி, இன்னும் ரெண்டு கட்டம் போனா ராணி. அது முன்னால அவரு யானை வழிய மறிச்சு நிக்கி, அதுக்குப் பின்னால என் யானை தள்ளிக்கிட்டு நிக்கி. அவரு யானை நகந்தா என் சிப்பாய் ஓடிரும், அதனால அது அங்கனயே கெடக்கணும். என் ராஜா வலது பக்கம் மூணு சிப்பாய்க்குக் காவல். இப்படியே காவல் இருந்தா அவருக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல, அரை அரை. அதத்தான் அவரு நம்பியிருக்காரு. இவ ராஜாவ நகத்த மாட்டா, இருக்கிற மூணக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. நகத்தினா? அந்த மூணையும் அம்போன்னு விட்டுட்டு, ராஜாவ இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயி அவரு யானைய வெரட்டினா? அவரு ராஜா வந்து என் சிப்பாய்களத் திங்கும். தின்னுட்டு அவரு சிப்பாயும் ராணியாக ஓடும். யாரு முந்துதாங்கிறதுதான் விசயம். எண்ணிப் பாத்தேன், நான் முந்துதேன். இன்னொரு தடவ எண்ணினேன், ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேருதோம். மூணாந்தடவ எண்ணும்போது காது ரெண்டும் சுட்டுது, யாரு காய எண்ணுதோம்னே மறந்து போச்சு. மேல மின்விசிறி கொடகொடங்குது. போன முகூர்த்தத்துச் சாம்பார் வாசம் இன்னும் போகல. மேடையில பொண்ணு மாப்பிள்ள உக்காருற சிவப்பு நாற்காலி ரெண்டையும் ஓரமாத் தள்ளி, அதுக்கு மேல கப்புகள அடுக்கியிருக்காவ. ரோஸ் ரிப்பன் கட்டினது ஒண்ணு நிக்கி, அதுதான் நம்ம கப்பாயிருக்கும்.

பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தேன், தலையக் குனிஞ்சுக்கிட்டு. அப்ப நான் யுனிவர்சிட்டிக்கு ஆடிக்கிட்டு இருந்தேன், பேப்பர்ல சின்னதா பேரெல்லாம் வந்திருந்துச்சு. ததேயுஸோட அம்மா காப்பிய ஊதிக்கிட்டே கேட்டாவ, கலியாணத்துக்குப் பொறவு இந்த செஸ்ஸு கிஸ்ஸெல்லாம் இருக்காதுல்லா? நான் தரையப் பாத்தேன். தரையில சிவப்பும் வெள்ளையுமா சதுரக் கல்லு பதிச்சிருந்துச்சு, அதுல குதிரை எப்படிப் போகும்னு பாத்துக்கிட்டே பதிலையும் யோசிச்சேன். மெய்யாலுமே யோசிச்சேன், இருக்கும்னு சொல்லலாமா, எப்படிச் சொன்னா கோவம் வராதுன்னு. நான் யோசிச்சு முடிக்கதுக்குள்ள எங்க அப்பா சொல்லிட்டாவ, பிள்ள ஒண்ணும் சொல்லல பாத்தீயளா, அவளுக்குச் சம்மதந்தான். எல்லாரும் சிரிச்சாவ. கேக்கு வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுத்தாவ. எனக்கும் ஒரு துண்டு. அந்தக் கேக்க நான் தின்னேன், அதுதான் இன்னைக்கும் நெஞ்சுல நிக்கி. பலகை பரணுக்குப் போச்சு, பதினாறு வருசம் அங்கனயே கெடந்துச்சு. பெறகு பார்லர்ல ஆள் வராத மத்தியானங்கள்ல போன்ல ஆட ஆரம்பிச்சு, எவன் எவனோ எந்த ஊருலயோ உக்காந்துக்கிட்டு எங்கிட்டத் தோத்தான், அவனுக்கு நான் பொம்பளன்னு தெரியாது, புருவம் எடுக்கிறவன்னு தெரியாது, கைய நீட்டி டிரா தங்கச்சின்னு சொல்ல அவனால முடியாது. அங்க நான் வேண்டாம்னா வேண்டாம். இங்கயும் அப்படித்தான். ஏன் அப்படி இல்ல? அதே அறுபத்து நாலு கட்டந்தான இங்கயும் இருக்கு.

நகத்திட்டேன். ராஜா ஒரு கட்டம் எடது பக்கம். கடிகாரத்த அமுக்கின சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுது. இப்ப ஓடுறது அண்ணாச்சியோட நேரம். எதிர்ல காலி நாற்காலி, அதுக்கு முன்னால அரை அரைன்னு எழுதி வச்ச தாளு, காத்துல பறக்காம இருக்க அதுமேல என்கிட்ட வெட்டின குதிரைய வச்சுட்டுப் போயிருக்காரு. சன்னல் வழியா டீக்கடைப் பக்கம் தெரியுது. நாலு பேருக்கு நடுவுல நின்னு டம்ளர ஆட்டி ஆட்டிப் பேசுதாரு, முதல் எடம் வாங்கினவரு மாதிரியே நிக்காரு. கூப்பிடணுமா? ஒரு எட்டு வச்சா வாசல், அண்ணாச்சி ஆட்டம் ஓடுதுன்னு ஒரு சத்தம் குடுத்தா முடிஞ்சுது. மரியாதைக்குச் சொல்லலாம். பெரிய மனுசன், எங்க தெருவுல வீடு, அவரு மக கலியாணத்துக்கு நான்தான் அலங்காரம் பண்ணினேன். நாளைக்குத் தெருவுல பாத்தா மொகத்தத் திருப்புவாரு. அவரு வீட்டம்மா பார்லருக்கு வாரது நின்னு போகும். போனாப் போகட்டும், தெருவுக்கு ஒரு பார்லர் இருக்கு. மரியாதையாம். பலகைக்கு மேல கைய நீட்டும்போது எங்க போச்சு அந்த மரியாதை? என் பதிலு என்னன்னு பாக்க நிக்காமப் போனவருகிட்ட நான் ஓடிப்போயி என் பதிலச் சொல்லணுமா? அவரு நேரம், அவரு கடிகாரம், அவருக்குக் கண்ணு இருக்கு. நான் உக்காந்து என் பலகையப் பாக்கேன், அம்புட்டுத்தான். ஆனா உள்ளங்கை வேக்குது. சேலையில தொடைக்கேன், திரும்ப வேக்குது. களவாங்குறவ மாதிரி எதுக்கு எனக்கு இப்படி அடிச்சுக்கிடுது? நான் எதக் களவாண்டேன்? போட்டிக்கு நடுவரா இருக்க ஆர்பிட்டர் எட்வின் சார் கைய பின்னால கட்டிக்கிட்டு வாராரு. காலி நாற்காலியப் பாக்காரு, கடிகாரத்தப் பாக்காரு, அரை அரைங்கிற தாளப் பாக்காரு, பெறகு என்னையப் பாக்காரு. அவரு கேக்க முடியாது, ஓடுற ஆட்டத்துல அவரு தலையிடக் கூடாது. நான் அவர நேராப் பாத்தேன், கண்ண எறக்கல. மொதல்ல அவருதான் கண்ண எடுத்தாரு. மெதுவா அடுத்த மேசைக்குப் போயிட்டாரு.

யாரோ போயிச் சொல்லியிருக்கணும். அண்ணாச்சி டம்ளர சுவத்து மேல வச்சுட்டு வேகமா வாராரு, செருப்பு தரையில தேயுது. வந்து நின்னுக்கிட்டே பலகையப் பாத்தாரு, பெறகு கடிகாரத்தப் பாத்தாரு. அவருகிட்ட இருந்த நேரத்துல பெரும்பங்கு போயிருச்சு, கொஞ்சந்தான் மிச்சம். மொகம் கறுத்துப் போச்சு. குனிஞ்சு, காதுல சொல்லுத மாதிரி, "கூப்பிட்டிருக்கலாம்லா தங்கச்சி?" ராஜா நின்ன கட்டத்த வெரலால காட்டினேன். அதுதான் பதிலு, வந்து பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எட்வின் சார் தூரத்துல இருந்து பேசாதீங்கன்னு கையக் காட்டினாரு. அண்ணாச்சி உக்காந்தாரு, பேனாவ எடுத்தாரு, கையெழுத்துக்கு மேல எங்க எழுதுறதுன்னு தெரியாம ஒரு நிமிசம் முழிச்சாரு. ஆடினாரு. நான் ராஜாவ இன்னொரு கட்டம் நடத்தினேன். அவரு ராஜா வந்து என் மொதச் சிப்பாயத் தின்னுது. தின்னுங்க. நான் நடந்தேன். ரெண்டாவதையும் தின்னாரு. மொதத் தடவ எண்ணினது சரிதானா, அவரு இப்ப தன் சிப்பாயத் தள்ளிக்கிட்டு ஓட ஆரம்பிச்சா ஒண்ணாத்தான் போய்ச் சேருவோம், ஒண்ணாச் சேந்தா மறுபடியும் அரை, மறுபடியும் ரோஸ் ரிப்பன், மாதாவே இது என்ன சோதனை. ஓடுதாரா? கை சிப்பாய் மேல போச்சு. நின்னுது. புருவம் துடிக்கி. பக்கத்துல என் மூணாவது சிப்பாய் தனியா நிக்கி, காவல் இல்லாம, திங்கச் சொல்லி நிக்கி. ஆயிரத்து நானூறு விட்டுட்டுப் போன காயி, சும்மா கெடக்கிறத எடுக்காம விடவான்னு அவருக்குத் தோணியிருக்கும், அதுவும் நேரம் வேற இல்ல. எடுத்துட்டாரு. மூணையும் தின்னுட்டாரு. அந்த ஒரு கட்டந்தான் அண்ணாச்சி. அந்த ஒரு கட்டத்துல நான் முந்திட்டேன். என் ராஜா போயி அவரு யானை பக்கத்துல நின்னுது. யானை வழிய விட்டுது. சிப்பாய் ஏறிப்போச்சு.

பெறகு நடந்ததெல்லாம் கூட்டிப் பெருக்குற வேலைதான். என் சிப்பாய் ராணியாச்சு, அத வெட்ட அவரு யானையக் குடுத்தாரு, என் யானை திரும்பி வந்து அவரு ஓடவிட்ட சிப்பாய எட்டிப் பிடிச்சுது. அவரு பலகையப் பாத்தாரு. மோதிரத்தச் சுத்திக்கிட்டே இருந்தாரு. பெறகு கடிகாரத்த நிறுத்திட்டு கைய நீட்டினாரு, இந்தத் தடவ பலகைக்கு மேல இல்ல, ஓரமா. பிடிச்சேன். ஈரமா இருந்துச்சு, என் கைய விட ஈரம். பாவமா இருந்துச்சா? கொஞ்சம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாவம் ஒரு மூச்சு நேரந்தான். ஏன்னா அவரு தாள எம்பக்கம் தள்ளிட்டு, அடியில உள்ளத நீயே மாத்திக் குடுத்துருங்காரு, அண்ணனுக்கு வெளிய வேல இருக்காம். இன்னைக்கு இந்த ஹாலுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து நான் வாயே தொறக்கல. செருமிக்கிட்டுச் சொன்னேன், "நீங்க எழுதின அரைய நீங்களே அடிங்க அண்ணாச்சி." அடுத்த ரெண்டு மேசையும் திரும்பிப் பாத்துச்சு. அவரு பேனாவத் திரும்ப எடுத்தாரு. ரெண்டு அரையையும் அடிச்சாரு, எனக்கு நேரா ஒண்ணு, தனக்கு நேரா முட்டை. அடிச்சு எழுதினா பக்கத்துல இன்னொரு கையெழுத்து வேணும்னாரு எட்வின் சார். அதையும் போட்டாரு. போட்டுட்டு பேனாவ மூடாமலே சட்டைப்பையில சொருகிக்கிட்டுப் போறாரு, நீலம் ஊறுது, நான் சொல்லல.

எட்வின் சார் டீம் பேரு எழுதுற அட்டையோட வந்து நிக்காரு. மூணு பேரு எழுதியாச்சு, நாலாவது கட்டம் காலி. ஸ்டேட் போட்டி சேலத்துல, ஒரு வாரம் தங்கி ஆடணும், மத்த மூணு பேரும் ஆம்பளையாளு, ஒரே வேன்லதான் போகணும்னாரு. நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் சொல்லுதாரு. இப்பவே அவசரம் இல்லம்மா, வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்கன்னு பேனாவ மூடப் போனாரு. வாசல்ல ஸ்கூட்டர் சத்தம் கேக்கு, ததேயுஸ் வந்துட்டாரு, கதவுப் பக்கம் நின்னு எட்டிப் பாக்காரு, கண்ணு மேடையில உள்ள கப்புமேல இருக்கு. நான் நிமிந்தேன். அவருக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொன்னேன்.

"பேனாவ மூடாதீங்க சார். எனக்குச் சம்மதம். எழுதுங்க."